அடுத்த பாகம் முந்தைய படத்தை என்ன செய்கிறது?

1978 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ வெளியானது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 28 அன்று, தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. ஒருவர் படத்தை மற்றவர் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனாலும் இரண்டிலும் பெண்களைத் தேடித் தேடிக் கொல்லும் ஒருவன் இருக்கிறான். இரண்டிலும் கடைசி அரை மணி நேரம் ஒரு பெண் அவனிடமிருந்து உயிர் தப்ப ஓடுகிறாள். இரண்டிலும் பயமுறுத்தும் வேலையில் பாதியை இசையே செய்துவிடுகிறது. அங்கே கார்பென்டர் தானே போட்ட இசை, இங்கே இளையராஜா. இரண்டும் வசூலில் வென்றன. அதன்பின் பாதை பிரிந்தது. ‘ஹாலோவீன்’ வரிசையில் 2022-க்குள் 13 படங்கள் வந்துவிட்டன. ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்துக்கு இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் எழுந்து அடங்கியது. படம் வரவில்லை.

இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சைக்கோ படம், பேய்ப் படம் எதற்கு அடுத்த பாகம் வந்தாலும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: “முதல் படம் அளவுக்கு இருக்கா?” பெரும்பாலும் “இல்லை” என்று பதில் வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அடுத்த பாகம் வந்த பிறகு முதல் படம் பழையபடியே இருக்கிறதா? குடும்பக் கதைக்கும் சண்டைப் படத்துக்கும் இந்தக் கேள்வி அவ்வளவாகப் பொருந்தாது. பயத்தை நம்பி எடுத்த படத்துக்கு இதுதான் உயிர்நாடி. பயம் முழுக்க முழுக்கத் தெரியாததை நம்பி நிற்பது. அடுத்த பாகம் எடுப்பவரோ எதையாவது தெரியப்படுத்தியே ஆக வேண்டும். அவர் தெரியப்படுத்தும் ஒவ்வொன்றும் பின்னால் போய் முதல் படத்தைத் தொடுகிறது.

எங்கள் நெசவு ஊரான ஓரிக்கையில் சினிமாவைப் பார்ப்பவர்களைவிடக் கேட்பவர்கள் அதிகம். குழித்தறியில் கால் மிதிபட, கை நாடாவைத் தள்ள, எதிரே சுவரோரம் சாய்த்து வைத்த செல்போனில் படம் ஓடிக்கொண்டிருக்கும். திண்ணையில் தார் சுற்றும் பெண்கள் உள்ளே ஓடும் டிவியின் வசனத்தைக் கேட்டே கதையைப் பின்தொடர்வார்கள். அப்படி ஒரு நாள் ‘காஞ்சனா’ வரிசையில் ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தபோது, தறியில் இருந்த பெரியவரிடம், “இது எத்தனாவது பார்ட் மாமா?” என்று கேட்டேன். “எத்தனாவதா இருந்தா என்னப்பா, அட்டைய மாத்தல, ஊடைய மட்டும் மாத்திட்டான்” என்றார். ஜக்கார்டு பெட்டியில் கோத்துத் தொங்கும் அட்டைகளின் துளைகள்தான் சேலையில் எந்தப் பூ, எந்த அன்னம், எந்த இடத்தில் விழ வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. அதே அட்டைகளை வைத்துக்கொண்டு ஊடையை, அதாவது குறுக்கே ஓடும் நூலின் நிறத்தை மாற்றினால் கடைக்காரர் விரித்துக் காட்டும்போது புதுச் சேலைதான். நெய்தவருக்குத்தான் அது அதே சேலை என்று தெரியும். அடுத்த பாகங்களைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைத் தொட்டதில்லை. ஆனால் எல்லா அடுத்த பாகங்களும் நிறம் மாற்றுவதோடு நிற்பதில்லை. சில அட்டையிலேயே புதுத் துளை போட்டுவிடுகின்றன.

அதற்குத் தெளிவான சாட்சி ‘ஹாலோவீன்’தான்.

முதல் படத்தின் முதல் காட்சி கொலைகாரனின் கண் வழியாகவே விரிகிறது. ஒரு வீட்டுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். உள்ளே நுழைகிறோம், சமையலறை இழுப்பறையிலிருந்து கத்தியை எடுக்கிறோம், படியேறுகிறோம். முகமூடியை மாட்டியதும் திரை இரண்டு கண்துளைகளாகச் சுருங்குகிறது. கொலை முடிந்து தெருவுக்கு வந்ததும் முகமூடி கழற்றப்படுகிறது. கத்தியோடு நிற்பது மைக்கேல் மையர்ஸ் என்ற 6 வயதுச் சிறுவன். கொல்லப்பட்டவள் அவன் அக்கா. ஏன் கொன்றான்? படம் சொல்வதில்லை. 15 ஆண்டுகள் அவனுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் லூமிஸுக்கே தெரியாது. அவனிடம் இருப்பது வெறும் தீமை என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடிவதில்லை. வளர்ந்து தப்பித்து வரும் அவன் போட்டிருப்பது கடையில் விற்ற ஒரு நடிகரின் ரப்பர் முகம், வெள்ளைச் சாயம் பூசியது. எந்த உணர்ச்சியும் இல்லாத முகம். நடிகர் பட்டியலில்கூட அவனுக்குப் பெயர் போடாமல் ‘உருவம்’ என்று மட்டும் போட்டார்கள். அவன் நாயகி லாரியைத் தேடி வரக் காரணம் என்ன? அன்று காலை அவன் பதுங்கியிருந்த வீட்டு வாசலுக்கு அவள் வந்தாள், அவ்வளவுதான். சுமார் 3,25,000 டாலரில் எடுத்து உலகெங்கும் 7 கோடி டாலர் ஈட்டிய படத்தின் முதுகெலும்பு இந்த “அவ்வளவுதான்”. படத்தில் ரத்தம் மிகக் குறைவு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முடிவும் அப்படியே. லூமிஸ் சுட, அவன் மாடியிலிருந்து விழுகிறான். எட்டிப் பார்த்தால் புல்வெளியில் உடல் இல்லை. பிறகு காமிரா அவன் நடந்துபோன இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது: காலியான கூடம், படிக்கட்டு, தெரு. எங்கும் யாரும் இல்லை. முகமூடிக்குள் விடும் மூச்சுச் சத்தம் மட்டும். அவன் எங்கே என்பதற்கு “எங்கும்” என்பதுதான் படத்தின் பதில். இந்த முடிவு அடுத்த பாகத்துக்காகத் திறந்து வைத்த கதவு என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்தக் கதை இப்படித்தான் முடிய முடியும்.

1981-இல் ‘ஹாலோவீன் 2’ வந்தது. இயக்கியவர் ரிக் ரோசென்தால்; எழுதியவர்கள் முதல் படத்தின் கார்பென்டரும் டெப்ரா ஹில்லும்தான். ஒளிப்பதிவும் அதே டீன் கண்டி. கதை அதே இரவின் மிச்சம், இடம் மருத்துவமனை. செலவு 25 லட்சம் டாலர், முதல் படத்தைப்போல ஏழெட்டு மடங்கு. தொழில்நேர்த்தியில் குறையே சொல்ல முடியாது. பாதி விளக்கு அணைந்த மருத்துவமனை நடைகள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஆனால் ஒரு காட்சியை இரண்டு படத்திலும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் லாரி அழுதபடி சுவரோரம் நிற்கிறாள்; பின்னால் இருட்டாக இருக்கும் கதவிடுக்கில் வெள்ளை முகமூடி மெல்ல மெல்லத் தெளிகிறது. நம் கண் இருட்டுக்குப் பழகுவதுபோல அது தெரிய வருகிறது. வெட்டு கையில் விழுகிறது, அவள் தப்பிவிடுகிறாள். இரண்டாம் படத்திலும் ஒரு நர்ஸின் பின்னால் அதே முகமூடி அதேபோல் இருட்டிலிருந்து தெளிகிறது. இந்த முறை ஊசி அவள் நெற்றிப்பொட்டில் இறங்குவதையும் காட்டுகிறார்கள். உத்தி ஒன்றுதான். முதலில் பயம் முகமூடி தெளியும் அந்தச் சில வினாடிகளில் இருந்தது. இரண்டாவதில் ஊசியில் இருக்கிறது. 1980-க்குப் பிறகு ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ போன்ற படங்கள் ரத்தத்தை அள்ளி ஊற்றியதால், பின்தங்கிவிடக் கூடாதென்று கார்பென்டரே கூடுதல் கொலைக் காட்சிகளை எடுத்துச் சேர்த்தார்.

ரத்தம்கூடப் பெரிய பாதகமில்லை. உண்மையான பாதகம் ஒரு வரிச் செய்தி: லாரி, மைக்கேல் மையர்ஸின் தங்கை. கதை நகராமல் பீரோடு மல்லுக்கட்டி எழுதிய நாட்களில் பிறந்த யோசனை அது என்று கார்பென்டரே பிற்காலத்தில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியோடு முதல் படத்தின் “அவ்வளவுதான்” செத்துப்போனது. வாசலுக்கு வந்த யாருக்கும் நேர்ந்திருக்கக்கூடியது ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் விவகாரமாகச் சுருங்கிவிட்டது. நானும் நீங்களும் மைக்கேலின் தங்கை இல்லை. ஆகவே நமக்குப் பயமில்லை. அடுத்து வந்த பல பாகங்கள் இந்த உறவைப் பிடித்துக்கொண்டே தொங்கின. 1982-இல் வந்த மூன்றாம் பாகத்தில் மைக்கேலையே விட்டுவிட்டு வேறு கதை சொல்லிப் பார்த்தார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை, 1988-இல் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியில் 2018-இல் டேவிட் கார்டன் கிரீன் எடுத்த படம், இடையில் வந்த அத்தனை பாகங்களையும் இல்லையென்று ஆக்கியது. தங்கை என்பதெல்லாம் ஊரார் கட்டிய கதை என்று அதில் ஒரு பாத்திரமே சொல்லிவிடும். ஒரு வரியை அழிக்க 37 ஆண்டு ஆனது.

பின்னால் வருவது முன்னால் இருப்பதை மாற்றும் என்பதற்கு எங்கள் ஊருக்குள்ளேயே ஒரு கதை உண்டு. புனிதக் கதையையும் கொலைப் படத்தையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். கதையின் அமைப்பை மட்டும் சொல்கிறேன். தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டு அனுப்ப, குரு திருமழிசையாழ்வாரும் சீடனோடு கிளம்புகிறார். நீயும் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்று அவர் பாட, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் எழுந்து பின்னால் போகிறார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிக்கை. மன்னன் வந்து மன்னிப்புக் கேட்டதும் ஆழ்வார் இன்னொரு பாட்டுப் பாடுகிறார். கிட்டத்தட்ட அதே சொற்கள்தான், திசை மட்டும் நேர்மாறு. பெருமாள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறார். ஆனால் பழையபடி படுக்கவில்லை. சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயிலில் இன்றும் அவர் வழக்கத்துக்கு மாறான பக்கமாகச் சயனித்திருக்கிறார். போய்த் திரும்பியதன் அடையாளம் அது என்பார்கள். இரண்டாம் பாட்டு முதல் பாட்டை ரத்து செய்யவில்லை, நடந்ததற்கு ஒரு தடயத்தை நிரந்தரமாக விட்டுவைத்தது. ஒரு நல்ல தொடர்ச்சி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஹாலிவுட்டிலும் அப்படிச் சில உண்டு. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960-இல் வந்தது. அவர் 1980-இல் மறைந்தார். 1983-இல் ரிச்சர்ட் பிராங்க்ளின் ‘சைக்கோ 2’ எடுத்தபோது எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். படத்தைப் பார்த்தவர்கள் வாயடைத்தார்கள். 22 ஆண்டு மனநல மருத்துவமனையில் இருந்து குணமாகித் திரும்பும் நார்மன் பேட்ஸாக அதே ஆன்டனி பெர்கின்ஸ். அவனை மறுபடி பைத்தியமாக்க யாரோ முயல்கிறார்கள். முதல் படத்தில் நாம் பயந்த அதே மனிதனுக்காக இங்கே பயப்படுகிறோம். முதல் படத்தின் எந்தப் புதிரையும் இது அவிழ்ப்பதில்லை. அந்த வீட்டின்மேல் ஒரு புது வெளிச்சம் விழுகிறது, அவ்வளவே. ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ இன்னொரு விதம். 1980-இல் வந்த முதல் படத்தில் கொன்றவள் ஒரு தாய். தண்ணீரில் மூழ்கிச் செத்த மகனுக்காகப் பழிவாங்குகிறாள். 1981-இன் இரண்டாம் பாகத்தில் அந்த மகனே வளர்ந்தவனாக வந்து கொல்கிறான். மகன் சாகவில்லை என்றால் தாயின் பழிவாங்கலுக்கு என்ன பொருள்? யாரும் கவலைப்படவில்லை. இன்று உலகம் அறிந்த அந்த ஹாக்கி முகமூடி மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. முதல் படம் பெரிதாக எதையும் கட்டியிராததால் இழப்பும் பெரிதில்லை.

இனி தமிழுக்கு வருகிறேன்.

‘சிகப்பு ரோஜாக்கள்’ ஏன் தொடரவில்லை? அது தன் கணக்கை முழுசாகத் தீர்த்துவிட்டுப் போன படம். கமல்ஹாசனின் திலீப் பெரிய பணக்காரன், நாகரிகமானவன், சிரித்தால் மயங்கும் முகம். கொன்ற பெண்களைத் தோட்டத்தில் புதைத்து மேலே ரோஜா வளர்க்கிறான். கொலைகளைப் படம்பிடித்து வளர்ப்புத் தந்தைக்குப் போட்டுக் காட்டுகிறான். இவ்வளவையும் சொல்லிவிட்டு பாரதிராஜா ஃபிளாஷ்பேக்குக்குள் நுழைகிறார். கிராமத்தில் அநாதையாக ஒண்டியிருந்த சிறுவன், அவன்மேல் விழுந்த பழி, ஓட்டம், நகரத்தில் கிடைத்த புதுத் தந்தை, அந்த வீட்டில் கண்ட துரோகமும் கொலையும். கொலைகாரனுக்கு ஒரு காரணம், அந்தக் காரணத்துக்குப் பின்னால் இன்னொரு மனிதனின் காரணம். கடைசியில் திலீப் சிறையில், நினைவு சிதைந்து, சாரதா என்ற பெயர் மட்டும் மிஞ்சியவனாக இருக்கிறான். ஸ்ரீதேவியின் சாரதாவிடம் இரக்கம் மிஞ்சுகிறது. மையர்ஸ் மறைந்துபோன இடத்தில் திலீப் கம்பிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த பாகத்துக்கு அங்கே என்ன மிச்சம்?

இந்த ஃபிளாஷ்பேக் பழக்கத்தைத் தமிழ் சினிமாவின் பலவீனம் என்பவர்கள் இருக்கிறார்கள். பெண்களைப் பற்றி அந்த ஃபிளாஷ்பேக் பரப்பும் எண்ணம் எனக்கும் உவப்பில்லை. சிறுவனின் கோணலுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணையே காரணமாக நிறுத்துவது இன்று பார்க்கையில் உறுத்துகிறது. ஆனாலும் கதைக் கட்டுமானமாக அது ஒரு துணிச்சலான முடிவு. ஹாலிவுட் இரண்டாம் பாகத்தில் அவசரமாக ஒட்டிய காரணத்தை, நம் ஆள் முதல் படத்தின் நடுவிலேயே வைத்துக் கதையைக் கட்டினார். 1980-இல் பாலு மகேந்திரா எடுத்த ‘மூடுபனி’யும் அப்படித்தான். ராஜேந்திரகுமாரின் நாவலிலிருந்து பிறந்த படம், இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தனின் பாத்திரத்துக்குத் தாயின் நினைவுதான் நோய். அதுவும் முடிந்த கதை.

அடுத்த பாகம் எடுக்காத நம் இயக்குநர்கள் வேறு ஒன்றைச் செய்தார்கள். இதை யாரும் சரியாகக் கவனித்துப் பேசவில்லை என்பது என் குறை. 1981-இல் பாரதிராஜா ‘டிக் டிக் டிக்’ எடுத்தார். மறுபடி கமல், மறுபடி இளையராஜா, மறுபடி அழகிய பெண்களின் பிணங்கள். கமலின் பாத்திரத்துக்குப் பெயரும் திலீப்தான். ஆனால் இந்தத் திலீப் குற்றமற்ற புகைப்படக்காரன். கொலைப் பழி அவன்மேல் விழுகிறது, அவன் ஓட வேண்டியிருக்கிறது. மூன்று வருடம் முன்பு திலீப்பைக் கண்டு நடுங்கிய அதே பார்வையாளரை, இப்போது திலீப்புக்காக நடுங்க வைத்தார். ‘சைக்கோ 2’ செய்ததை அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, இரண்டாம் பாகம் என்று பெயர் போடாமல் செய்துவிட்டார். ‘சிகப்பு ரோஜாக்க’ளுக்கு ஒரு கீறலும் விழவில்லை. மணிவண்ணனும் 1984-இல் ‘நூறாவது நாள்’ வென்ற கையோடு, அதே ஆண்டில், அதே மோகன், நளினி, சத்யராஜை வைத்து ‘24 மணி நேரம்’ எடுத்தார். தலைப்பில் எண், திரையில் மொட்டைத் தலையோடு மிரட்டிய சத்யராஜின் நினைவு, புதுக் கதை. அன்றைய தமிழ் ரசிகர் அடுத்த பாகத்தைக் கதாபாத்திரத்தில் தேடவில்லை, நடிகரிலும் இயக்குநரிலும் தேடினார்.

பணக் கணக்கும் இதில் உண்டு. ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி மறுசான்றிதழ் வாங்க வேண்டும். தொலைக்காட்சி உரிமை பெரும் வருமானமான பிறகு தயாரிப்பாளர்கள் கழுத்தறுப்புக் கதைகளிலிருந்து விலகினார்கள். 2006-இல் தமிழ்த் தலைப்புக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது; 2011-இல் அதற்கு ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்றானது. அன்று ரத்தம் காட்டினால் வரிவிலக்குப் போய்விடும் என்ற நிலை. பயத்தோடு சிரிப்பையும் பாட்டையும் கலந்து குடும்பத்தோடு பார்க்க வைத்தால் லாபம். கத்தி ஏந்திய மனிதன் போய்ப் பேய் வந்தது இப்படித்தான்.

2007-இல் ராகவா லாரன்ஸ் ‘முனி’ எடுத்தார். பேய்க்குப் பயந்து நடுங்கும் இளைஞனின் உடலில் அரசியல்வாதியால் கொல்லப்பட்ட முனியாண்டி புகுந்து பழிதீர்க்கும் கதை, ராஜ்கிரண் முனியாண்டி. 2011-இல் ‘முனி 2: காஞ்சனா’. அதே கோழை நாயகன், அதே ஆவி புகுதல், வேறு ஆவி. அந்த ஆவி சரத்குமார் நடித்த காஞ்சனா என்ற திருநங்கை. நிலத்துக்காகக் கொல்லப்பட்டவள். படம் முதல் பாகத்தை அடியோடு விழுங்கிவிட்டது. 2015-இல் வந்தது ‘காஞ்சனா 2’, 2019-இல் ‘காஞ்சனா 3’; ‘முனி’ என்ற பெயர் வரிசையிலிருந்து பின்னுக்குப் போய்விட்டது. அடுத்த பாகம் முதல் படத்தை வென்றதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. எப்படி வென்றது? அட்டை பழையதுதான். ஆனால் ஊடையில் ஒரு நிஜமான வலி இருந்தது. ஒரு நட்சத்திர நாயகர் புடவை கட்டி, கேலிக்கு இடமில்லாமல், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தியின் கோபத்தைத் திரையில் நிறுத்தினார். அடுத்தடுத்த பாகங்களில் அட்டை அதேதான், ஆட்கள் கூட்டம் பெருத்தது, அந்த வலி மெலிந்தது. 2014 முதல் நான்கு முறை வந்துவிட்ட சுந்தர் சி.யின் ‘அரண்மனை’ வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது திருவிழாக் கடைபோல வருவதற்காகவே வருகிறது, வருபவர்களை ஏமாற்றுவதும் இல்லை.

இந்த வரிசைகளில் முதல் படத்துக்குச் சேதமில்லை, காரணம் எளிது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு புதுப் பேய், புது அநீதி, புதுத் தீர்ப்பு. பழைய பேய் பழி தீர்த்துப் போய்விட்டது. அதைத் திரும்ப இழுப்பதில்லை.

இழுத்தது ‘சந்திரமுகி 2’.

2005 ஏப்ரல் 14-இல் வந்த பி. வாசுவின் ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி திரையரங்கில் 890 நாள் ஓடியது. மூலம் ஃபாசிலின் மலையாளப் படம், 1993-இன் ‘மணிச்சித்திரத்தாழ்’. ரஜினியின் படம் என்று கொண்டாடப்பட்டாலும் அதன் நடுக்கம் முழுவதும் ஜோதிகாவுடையது. கணவன் பார்த்துக்கொண்டிருக்கையில் கட்டிலை ஒற்றைக் கையில் தூக்கும் அந்தக் காட்சியில், பயம் பேயிடமிருந்து வரவில்லை. தினமும் காபி கொடுக்கும் மனைவியின் கையிலிருந்து வருகிறது. படம் கடைசிவரை பிடிவாதமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு: அந்த அரண்மனையில் பேய் கிடையாது. ஜோதிகாவின் கங்கா ஒரு நோயாளி. சின்ன வயதின் தனிமையும் கேட்டு வளர்ந்த கதைகளும் சேர்ந்து அவளை சந்திரமுகி ஆக்கின. மந்திரவாதியும் மருத்துவரும் சேர்ந்து ஒரு நாடகம் நடத்தி அவளைக் குணப்படுத்துகிறார்கள். கூட்டங்கூட்டமாகப் பார்க்கப்பட்ட ஒரு வணிகப் படம், பேய் பிடித்ததாக அடித்து விரட்டப்படும் பெண்களை நோயாளிகளாகப் பாருங்கள் என்று சொன்னது சாதாரண விஷயமில்லை.

அதே பி. வாசு, லாரன்ஸையும் கங்கனா ரணாவத்தையும் வைத்து எடுத்த ‘சந்திரமுகி 2’ 2023 செப்டம்பர் 28-இல் வந்தது. முதல் படத்திலிருந்து திரும்பி வந்த முக்கிய முகம் வடிவேலு. அதே அரண்மனை. இந்த முறை சந்திரமுகியின் ஆவி உண்மையாகவே இருக்கிறது, உண்மையாகவே ஒரு பெண்ணுக்குள் புகுகிறது. அரண்மனைக் கதையின் மன்னன் வேட்டையனின் ஆவியும் வருகிறது. படம் நன்றாக இல்லை என்பதல்ல என் முறையீடு. இந்தப் பாகத்தை நம்பினால், முதல் படத்தில் ரஜினியின் டாக்டர் சரவணன் சொன்னது தவறாகிறது. கங்காவுக்கு நோயில்லை, பேய்தான் பிடித்திருந்தது என்றாகிறது. ‘ஹாலோவீன் 2’ காரணமில்லாததற்குக் காரணம் ஒட்டியது. ‘சந்திரமுகி 2’ இருந்த காரணத்தை உருவியெடுத்தது. இரண்டிலும் அடிவாங்கியது முதல் படம். இங்கே அடி இன்னும் பலம் என்பேன், ஏனென்றால் அங்கே போனது ஒரு திகில், இங்கே போனது ஓர் அறிவு.

கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ 2012 அக்டோபரில் வந்தது. ஓராண்டு கழித்து 2013 நவம்பரில் தீபன் சக்ரவர்த்தி ‘பீட்சா 2: வில்லா’ எடுத்தார். இரண்டுக்கும் பெயரும் தயாரிப்பாளரும் தவிர ஒட்டுறவில்லை. முதல் படத்தின் விஜய் சேதுபதியை எதிர்பார்த்துப் போனவர்கள் கோபத்தோடு திரும்பினார்கள். நியாயமான கோபம், ஆனால் படத்தின்மேல் இல்லாமல் பெயர்ப்பலகையின்மேல் காட்டியிருக்கலாம். நடக்கப்போவதை முன்பே வரைந்துவைத்த தந்தையின் ஓவியங்களை மகன் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கும் ‘வில்லா’, தனியாகப் பார்த்தால் அமைதியான, நல்ல படம்.

ஒரு வீடு, சில இளைஞர்கள், ஒவ்வொருவராகச் சாவு. அமெரிக்கக் கொலைப் படங்களின் இந்தச் சட்டகத்துக்குத் தமிழில் மிக நெருங்கி வந்தது அஜய் ஞானமுத்துவின் முதல் படம் ‘டிமான்ட்டி காலனி’, 2015 மே 22. கத்தி ஏந்தியவனுக்குப் பதில் டிமான்ட்டி என்ற போர்த்துகீசிய வணிகரின் ஆவி. சென்னையில் உண்மையாகவே டிமான்ட்டி காலனி இருக்கிறது. 1821-இல் இறந்த ஜான் டி மான்ட்டி என்ற வணிகரின் பெயரால் அமைந்தது. குடித்துவிட்டு வீரம் காட்ட அந்தப் பாழடைந்த பங்களாவுக்குப் போய்த் திரும்பும் நான்கு நண்பர்கள், தங்கள் வாடகை அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். படத்தின் பின்பாதி கிட்டத்தட்ட அந்த ஒரே அறைதான். கதவைத் திறந்து வெளியே ஓடினாலும் திரும்பவும் அதே அறை. வெளிச்சத்துக்கு ஒரு டிவி, அதிலும் அவர்களையே காட்டுகிறது. மூச்சு முட்டுகிறது. யாரையும் காப்பாற்ற யாரும் வருவதில்லை.

2024 ஆகஸ்ட் 15-இல் ‘டிமான்ட்டி காலனி 2’ வந்தது. அதே இயக்குநர், அதே அருள்நிதி. இந்த முறை இரட்டை வேடம். முதல் படத்தின் சீனிவாசனுக்கு ரகுநந்தன் என்று ஓர் இரட்டைச் சகோதரன் முளைத்திருக்கிறான். கணவனை இழந்த டெபியாக பிரியா பவானி சங்கர், ஒரு புத்த பிக்கு, ஒரு கல்லூரி நூலகம், அங்கே ஒரு புத்தகம், ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சாவுகள். முதல் படத்தில் நால்வர் கதி இன்னதென்று நாம் முடிவுகட்டி எழுந்து வந்த இடத்துக்கே கதை திரும்பிப் போய், சீனிவாசன் அங்கே சாகவில்லை என்கிறது. இந்த முடிச்சைப் போட்ட விதம் புத்திசாலித்தனமானது. பழைய படத்தின் காட்சிகள் புதுப் பொருளோடு திரும்ப வரும்போது அரங்கில் எழுந்த ஆரவாரம் நியாயமானது. இயக்குநர் தன் முதல் படத்தை மதித்து, வரிவரியாக நினைவில் வைத்து எழுதியிருக்கிறார். ‘சந்திரமுகி 2’-இல் இல்லாத மரியாதை இது.

ஆனாலும் நான் முதல் படத்தின் பக்கமே நிற்கிறேன். ஆறு ஆண்டு, புத்தகம், இரட்டையர் என்று சட்டதிட்டங்கள் பெருகப் பெருக, ஆவி ஒரு போட்டித் தேர்வுபோல ஆகிவிட்டது. விதி தெரிந்தால் வெல்லலாம். முதல் படத்தில் வெல்ல எதுவும் இல்லை, அறை மட்டும்தான் இருந்தது. இப்போது அதைத் திரும்பப் பார்க்கும்போது, அருள்நிதி சுவரோரம் ஒடுங்கும் காட்சியில், இவன் பிழைத்துவிடுவான் என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்கிறது. 2015-இல் பார்த்தவருக்கு அந்தக் குரல் கிடையாது. எங்கள் பகுதியில் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு முதல் படத்தைத் தேடிப் பார்த்த பையன் ஒருவன், “அண்ணா, ஃபர்ஸ்ட் பார்ட் அவ்ளோ பயமா இல்லையே” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவன் பார்த்தது வேறு படம்.

அதனால் பார்க்காதவர்களுக்கு நான் சொல்வது, வெளியான வரிசையிலேயே பாருங்கள், இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள்.

இப்போது அடிக்கடி பேசப்படுவது ராம்குமாரின் ‘ராட்சசன்’. 2018 அக்டோபர் 5-இல் வந்த அந்தப் படம், ‘சிகப்பு ரோஜாக்க’ளுக்குப் பிறகு தமிழ் ரசிகரைத் தூங்கவிடாமல் செய்த சைக்கோ படம். அதற்கு இரண்டாம் பாகம் வர வேண்டும் என்று கேட்பவர்கள் ஏராளம். அதில் கொலைகாரன் கிறிஸ்டோபர் செத்துவிட்டான். அவன் நோய், பள்ளிக்கூடத்து அவமானம், தாய், மாயவித்தை எல்லாம் சொல்லி முடிந்தாயிற்று. அவனுக்குத் தம்பியோ சீடனோ முளைத்தால் அது ‘ஹாலோவீன் 2’-இன் வழி. தெலுங்கில் சைலேஷ் கொலனு 2020, 2022, 2025 என மூன்று ‘ஹிட்’ படங்களில் ஒவ்வொரு முறையும் அதிகாரியையும் வழக்கையும் மாற்றினார். பழைய வழக்கைத் தோண்டவில்லை. ‘ராட்சச’னுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு முதல் படத்திலேயே இருக்கிறது. விஷ்ணு விஷாலின் அருண், போலீஸாவதற்கு முன் சினிமா எடுக்க அலைந்தவன். உலகின் சைக்கோ கொலைகாரர்களைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை வெட்டிச் சேர்த்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். படம் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம்தான் காட்டியது. இத்தனை கொலைகளைப் படித்துப் படித்து வளர்ந்த ஒருவன், நிஜக் கொலை ஒன்றில் தன் வீட்டுப் பெண்ணையே இழந்த பிறகு, அந்தச் சுவரை என்ன செய்தான்? ராம்குமார் அங்கிருந்து தொடங்கினால் கிறிஸ்டோபரைத் தொடவே வேண்டியதில்லை.